நிறத்துக்கு முன் வெளிச்சம்: வீட்டு அலங்காரத்தின் முதல் பாடம்

புரட்டாதி தொடக்கத்தில், எங்கள் திருகோணமலையின் உவர்மலையில் இருக்கும் சித்தியின் மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். வெளிநாட்டு வீடு ஒன்றின் வரவேற்பறை. சாம்பலும் நீலமும் கலந்த சுவர், வெள்ளைச் செற்றி, மூலையில் அகன்ற இலைகளோடு ஒரு செடி. "அக்கா, இந்தக் கலர் எங்கட ஹோலுக்குச் சரி வருமோ?" என்று கேட்டிருந்தாள். உண்மையிலேயே வடிவான படம். நான் திருப்பி ஒன்றைத்தான் கேட்டேன்: "உங்கட ஹோல் யன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

நிறத்தைப் பற்றிக் கேட்டால் திசையைப் பற்றிப் பேசுகிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் வீட்டை அலங்கரிக்க நினைக்கும் ஒருவர் முதன்முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செற்றி, திரைச்சீலை, பூச்சாடி, சுவரில் மாட்டும் படம் எல்லாம் பிறகு. முதலில் உங்கள் அறைக்குள் என்ன வெளிச்சம் வருகிறது, எங்கேயிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் நிறம் தெரிவு செய்வது, காலளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

புடவைக் கடைக்கு அம்மாவோடு போன எல்லோருக்கும் இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். மேசையில் விரித்த சேலையை அம்மா அங்கே வைத்து முடிவு செய்யமாட்டார். "கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்கோ தம்பி" என்று கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு தெருவெளிச்சத்துக்குப் போவார். உள்ளே மாம்பழ மஞ்சளாக இருந்தது வெளியே எலுமிச்சையாகிவிடும். உள்ளே அச்சொட்டாகப் பொருந்திய சட்டைத்துணி வெளியே வேறு நிறமாக நிற்கும். சேலைக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் நாங்கள், அதைவிட எத்தனையோ மடங்கு காசு போகும் சுவருக்கு மட்டும் கடையிலே, ரியூப் லைற்றின் கீழே, விரலகல அட்டையைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

நிறம் என்பது பொருளுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பது அல்ல. வெளிச்சம் சுவரில் விழுகிறது. சுவர் அதில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தெறிக்கவிடுகிறது. அந்த மிச்சம் எங்கள் கண்ணில் பட்டால் அதை நிறம் என்கிறோம். விழும் வெளிச்சத்தில் நீலம் குறைவாக இருந்தால், நீலச் சுவரிடம் தெறிக்கவிட நீலம் இல்லை. சுவர் மங்கிப்போகும். பெயின்ற் மாறவில்லை, அதற்குக் கிடைத்த சாப்பாடு மாறிவிட்டது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹோல் மேற்குப் பார்த்தது. வண்ண அட்டையில் வெண்ணெய் மாதிரித் தெரிந்த மெல்லிய மஞ்சள் ஒன்றைத் தெரிவு செய்தோம். அடித்து முடித்த மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் சந்தோஷம். பின்னேரம் நாலரைக்கு, கச்சான் காற்றுக் காலத்து வெயில் யன்னலால் நேரே உள்ளே வந்து விழுந்ததும் நாலு சுவரும் மஞ்சள்தூள் பூசியதுபோல எரிந்தன. இரவில் லைற்றைப் போட்டால் அதே சுவர் பச்சை சாடை அடித்தது. அம்மா பின்னேரங்களில் அந்த ஹோலில் இருப்பதையே விட்டுவிட்டு விறாந்தைக்குப் போய்விடுவார். இரண்டு வருடம் அப்படியே கிடந்து, பிறகு மறுபடி அடித்தோம். இரண்டாம் தடவை, பெயின்ற் வாங்க முன்னர் ஒரு கிழமை முழுக்க வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் சூரியன் வேறு

இணையத்தில் தேடினால் ஒரு குறிப்பு திரும்பத் திரும்ப வரும்: வடக்குப் பார்த்த அறைக்குள் குளிர்ந்த, நீலம் கலந்த வெளிச்சம்தான் வரும், அதனால் அங்கே இளஞ்சூடான நிறங்களை அடியுங்கள்; தெற்குப் பார்த்த அறைக்கு நாள் முழுக்க வெயில், அங்கே எதையும் அடிக்கலாம். இது தவறான குறிப்பு அல்ல. லண்டனுக்கு எழுதிய குறிப்பு. லண்டன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 51.5 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கு வானில்தான் நிற்கும். வடக்கு யன்னலுக்குக் கோடைகாலத்தில் அதிகாலையிலும் அந்தியிலும் கொஞ்சம் சாய்ந்த வெயில் கிடைப்பதோடு சரி.

திருகோணமலை இருப்பது ஏறத்தாழ 8.5 பாகையில். ஒவ்வொரு ஏப்ரலிலும் வானொலிச் செய்தியில் கேட்டிருப்பீர்கள், 5ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை இலங்கைக்கு மேலே சூரியன் உச்சம் கொடுக்கும் என்று. எங்கள் ஊருக்கு அது சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னர் வரும். அன்று நண்பகலில் முற்றத்தில் நின்றால் உங்கள் நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். அதற்குப் பிறகு சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தலைக்கு மேலால் திரும்பித் தெற்கே இறங்குகிறது.

அப்படியென்றால் சித்திரையிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை, அதாவது ஊர் மிகச் சூடாக இருக்கும் காலம் முழுவதும், நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்தால் வருகிறது. மற்றக் காலத்தில் தெற்குப் பக்கத்தால். "வடக்கறை இருட்டறை" என்ற அறிவுரை இங்கே காலூன்ற இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் நண்பகல் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால், அதைத் தடுக்கச் சின்னக் கூரை நீட்டம் போதும். யன்னலுக்கு மேல் இரண்டரை அடி வெளியே நீளும் தாழ்வாரம், ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் ஒன்பது அடி வரை நிழல் விழுத்தும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது அதே தாழ்வாரம் தெற்குச் சுவரில் நாலடிக்குத்தான் நிழல் தரும், கீழ்ப்பாதிக்கு வெயில் கிடைக்கும். ஆனால் மார்கழியில் இங்கே மாரி; வெயில் வந்தால் எல்லோரும் சந்தோஷப்படும் காலம் அது. ஆகவே திருகோணமலையில் வடக்கு அறையும் தெற்கு அறையும் ஏறத்தாழ ஒரே குணம் உள்ளவை: நேர் வெயில் குறைவு, மென்மையான வெளிச்சம் நாள் முழுக்க.

எங்களுக்குச் சோதனை தருவது கிழக்கும் மேற்கும்தான். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக நிற்பதால், எந்தத் தாழ்வாரமும் அதை மறிக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிழக்கே கடலைப் பார்த்த வீடுகளுக்கு இரட்டை வெளிச்சம்: வானத்திலிருந்து ஒன்று, தண்ணீரில் தெறித்து வருவது இன்னொன்று. சூரியன் தாழ்வாக நிற்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். அந்த வெளிச்சம் கீழேயிருந்து மேலே வந்து உட்கூரையில் விழுந்து நெளியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த அறைக்குள் பளபளப்பான வெள்ளை அடித்தால் காலையில் கண்ணைத் திறக்க முடியாது. மேற்கே தண்ணீரைப் பார்த்த வீடுகளுக்கு இதே கதை பின்னேரத்தில் நடக்கும்.

முற்றமும் உள்ளே வருகிறது

நேர் வெயில் விழாத நேரத்தில் அறைக்குள் இருக்கும் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது? வானத்திலிருந்து ஒரு பங்கு. மிச்சம் முற்றத்து மண்ணிலும், எதிர்ச் சுவரிலும், மரத்து இலையிலும் பட்டுத் தெறித்து உள்ளே வருகிறது. வரும்போது அவற்றின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

யன்னலுக்கு வெளியே அடர்ந்த மாமரம் நின்றால் அறைக்குள் பச்சை கலந்த வெளிச்சம்தான். அந்த அறையில் இளம் றோசா நிறம் அடித்தால் சாம்பல் படிந்ததுபோல இருக்கும். கடற்கரையோர வெண்மணல் முற்றம் என்றால் வெளிச்சம் ஏராளம், கொஞ்சம் வெப்பச் சாயலோடு வரும். பக்கத்து வீட்டு மதிலுக்கு யாராவது பளிச்சென்ற செம்மஞ்சள் அடித்தால், அந்தப் பக்கத்துப் படுக்கையறைக்கும் நீங்கள் காசு கொடுக்காமலே ஒரு சாயல் ஏறிவிடும். இதைக் கவனிக்க ஒரு வெள்ளைக் கடுதாசி போதும். நடுப்பகலில் அதை அறைச் சுவரில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை என்று மூளை சொல்லும். இன்னொரு கடுதாசியை வேறொரு அறையில் பிடித்துப் படமெடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வையுங்கள். அப்போது வித்தியாசம் தெரியும்.

நிலமும் இதில் சேர்த்தி. எங்கள் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மெழுகு போட்டுத் தேய்த்து மினுக்கிய அந்த நிலத்தில் காலை வெயில் பட்டால், வெள்ளைச் சுவரின் கீழ்ப்பகுதியெல்லாம் மெல்லிய செம்மை ஏறும். அப்படியான வீட்டில் சுவருக்கு இன்னொரு சூடான நிறம் தேவையே இல்லை. வெறும் வெள்ளையே போதும், அதுவே உயிரோடு இருக்கும். அந்த நிலத்தை உடைத்து வெள்ளை ரைல்ஸ் பதித்துவிட்டு, பிறகு "வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கும். போனது நிலம் மட்டுமல்ல, அதுவரை சுவருக்கு நிறம் கொடுத்த வெளிச்சமும் சேர்ந்துதான்.

பழைய நாற்சார் வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை. வெயில் முற்றத்தில் விழும். அறைகளுக்குள் அதன் தெறிப்பு மட்டும்தான் போகும். சூடு வெளியே நிற்கும், வெளிச்சம் உள்ளே வரும். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகளை ஒன்றாக இணைத்துத் தன் வீட்டை உருவாக்கியபோதும், சின்னச் சின்ன முற்றங்களாலும் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தாலும்தான் அந்த நெருக்கமான இடத்தை விசாலமாக்கினார். எங்கள் ஊரிலேயே பார்க்க வேண்டுமென்றால், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் இல்லம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒருமுறை போய், அந்த அகன்ற விறாந்தையில் நின்று, வெளியே கண்கூசும் வெயில் உள்ளே வரும்போது எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். போகும் வழியில் மான்கள் குறுக்கே வந்தால் அதுவும் இந்த ஊரின் அலங்காரம்தான்.

அட்டையின் பின்னால் இருக்கும் எண்

பெயின்ற் வண்ண அட்டைகளில் நிறத்தின் பெயரோடு சிலவேளை ஓர் எண் இருக்கும். எல்ஆர்வி என்று போட்டிருப்பார்கள். ஒளித்தெறிப்பு அளவு என்று தமிழில் சொல்லலாம். அந்த நிறம், தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. நடைமுறையில் நல்ல வெள்ளைப் பெயின்ற் 80களில் நிற்கும், கடும் நீலம் 10க்கும் கீழே போகும்.

இந்த எண் ஏன் முக்கியம்? அறைக்குள் வந்த வெளிச்சம் ஒரு தடவை மட்டும் சுவரில் மோதுவதில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு, அங்கிருந்து உட்கூரைக்கு என்று பல தடவை மோதித்தான் மூலைவரை போகிறது. எண் 80 உள்ள சுவர்களில் மூன்று தடவை மோதிய பிறகும் பாதி வெளிச்சம் மிஞ்சும். எண் 50 உள்ள சுவர்களில் மூன்று தடவை மோதினால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான். அட்டையில் பார்க்கும்போது இரண்டும் "லைற் கலர்" போலத்தான் தெரியும். அறைக்குள் ஒன்று விடியும், மற்றது பின்னேரம் நாலு மணிக்கே லைற் போடச் சொல்லும்.

அதே மோதலால் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு தடவை மோதும்போதும் வெளிச்சம் சுவரின் நிறத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விரலகல அட்டையில் மென்மையாக இருந்த பச்சை, நாலு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து நிற்கிறது. "அட்டையில் பார்த்த கலர் இல்லை இது" என்று பலர் பெயின்ற் அடித்தவரோடு சண்டை பிடிப்பதற்குக் காரணம் இதுதான். நிறம் கலந்தவரும் அடித்தவரும் சரியாகவே செய்திருப்பார்கள். மனதில் இருக்கும் நிறத்தைவிட அட்டையில் ஒரு படி வெளிறிய நிறத்தை எடுப்பது பாதுகாப்பு.

யன்னலிலிருந்து வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. யன்னலின் மேல் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தூரம். ஏழடி உயரத்தில் யன்னல் முடிந்தால் பதினாலு முதல் பதினேழு அடி வரை. அதற்கு அப்பால் இருக்கும் மூலையைப் பகலிலும் லைற்றால்தான் நிரப்ப வேண்டும். திரைச்சீலையை யன்னலின் மேல் விளிம்பை மூடித் தொங்கவிட்டால் மிகப் பெறுமதியான வெளிச்சத்தையே மறைக்கிறீர்கள். கம்பியை யன்னலுக்கு அரையடி மேலே, இரண்டு பக்கமும் ஓரடி நீட்டிப் போடுங்கள். பகலில் சீலை முழுதாக விலகி நிற்க இடம் கிடைக்கும்.

ஓர் அட்டையும் ஒரு நாளும்

இனிச் செய்முறை. விருப்பமான நிறத்தில் ஆகச் சின்ன ரின் ஒன்று வாங்கி, கடுதாசி மட்டை ஒன்றில் இரண்டு தடவை அடித்துக் காயவிடுங்கள். மட்டை பள்ளிக்கூடக் கொப்பியைவிடப் பெரிதாக இருக்கட்டும், சுற்றிவர இரண்டு விரலகலம் வெள்ளை விடுங்கள். நேரே சுவரில் ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது ஏமாற்றும், ஏனென்றால் பக்கத்தில் பழைய நிறம் இருக்கிறது.

பக்கத்து நிறம் கண்ணை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்சில் மிஷேல் எழேன் செவ்ரெல் என்ற இரசாயனவியலாளர் 1824இல் பாரிஸின் கோபிளென் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்று முறைப்பாடு. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் பிழை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த மற்ற நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. பிறகு அந்த ஆய்வை விரித்து 1839இல் வெளியிட்டார். இரண்டு நிறம் பக்கத்தில் நின்றால் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்ப்பக்கமாகத் தள்ளும். பழைய பச்சைச் சுவரில் சாம்பல் பெயின்றைப் பூசிப் பார்த்தால் அது கொஞ்சம் சிவந்து தெரிவது அதனால்தான். மட்டையைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு அந்த இழுபறியைத் தடுக்கும்.

காலை ஏழு மணி, நண்பகல், பின்னேரம் நாலு, இரவு எட்டு. இந்த நாலு நேரமும் மட்டையை யன்னலோரச் சுவரிலும், எதிர்ச் சுவரிலும், ஆக இருட்டான மூலையிலும் வைத்துப் பாருங்கள். நீங்கள் அந்த அறையில் உண்மையில் எப்போது இருக்கிறீர்களோ அந்த நேரத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். படுக்கையறையை நண்பகலில் யார் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் பின்னேரம் படிக்கும் மேசைக்கு நேரே உள்ள சுவரை பின்னேர வெளிச்சத்தில்தான் மதிப்பிட வேண்டும். கடும் வெயில் நாளும் மப்பு நாளும் ஒவ்வொன்று கிடைத்தால் மிக நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுக்கச் சாம்பல் போர்வை. அந்த வெளிச்சத்தில் சாம்பல்நீலச் சுவர் எப்படி நிற்கிறது என்று பார்த்தவர்கள் சிலர் மனம் மாறியிருக்கிறார்கள்.

இரவு ஒரு தனி வீடு

பகலில் இவ்வளவு பாடுபட்டுவிட்டு, இரவில் கையில் கிடைத்த பல்பைப் போட்டால் எல்லாம் வீண். பல்ப் பெட்டியில் கே என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும்: 2700, 3000, 4000, 6500. கெல்வின் அளவில் நிற வெப்பநிலை அது. கொல்லன் உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெண்மையாகும், இன்னும் சூடேற்ற முடிந்தால் நீலம் பாரிக்கும். அந்த வரிசையில் இருந்து வந்த எண். அதனால்தான் எண் கூடக் கூட வெளிச்சம் எங்கள் கண்ணுக்குக் குளிராகத் தெரிகிறது. தொடங்குகிறவர்களை இது குழப்பும், ஒருமுறை உலையை நினைத்துக்கொண்டால் பிறகு மறக்காது. மெழுகுதிரிச் சுடர் ஏறத்தாழ 1900, மப்பு வானம் 6500 அளவில்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அநேகமாக 6500தான். ரியூப் லைற் காலத்திலிருந்து வந்த பழக்கம், "வெள்ளை லைற்தான் வெளிச்சம்" என்ற எண்ணம். உண்மையில் வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன் என்ற வேறோர் எண். பழைய 60 வாற் குண்டு பல்ப் ஏறத்தாழ 800 லூமன். அதே 800 லூமன் 2700இலும் கிடைக்கும், 6500இலும் கிடைக்கும். எங்கள் மஞ்சள் ஹோல் இரவில் பச்சை அடித்ததற்குக் காரணம் 6500 லைற்றுதான். பெயின்ற் மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

என் தெரிவைச் சொல்கிறேன். ஹோலுக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000. மீனைத் துப்புரவாக்கும், மரக்கறி வெட்டும் குசினிக்கு 4000. சிஆர்ஐ என்ற இன்னோர் எண், 100க்கு எவ்வளவு உண்மையாக நிறம் காட்டும் என்பதைச் சொல்லும். 80 சாதாரணம், 90க்கு மேல் கிடைத்தால் சாப்பாட்டு மேசைக்கு அதை வாங்குங்கள், கறியின் நிறமே மாறும். உட்கூரை நடுவில் ஒரே ஒரு பெரிய லைற்றுக்குப் பதிலாக, கதிரைக்குப் பக்கத்தில் ஒன்று, மூலையில் சுவரைப் பார்த்து ஒன்று என்று பிரித்து வைத்தால் அதே அறை ஆழமாகத் தெரியும். சாமியறையில் குத்துவிளக்குக்கு முன்னால் வெள்ளை லைற்றைப் போடவே வேண்டாம். அந்தச் சுடருக்கு இருக்கும் அழகை வேறெந்த விளக்காலும் கொடுக்க முடியாது.

மற்றதெல்லாம் எந்த வரிசையில்

வெளிச்சத்தைப் படித்த பிறகு எதை முதலில் தெரிவு செய்வது? பெரும்பாலானவர்கள் பெயின்றில் தொடங்குகிறார்கள். பெயின்ற் கடைசியில் வர வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான நிறங்கள் உண்டு, எதற்கும் பொருத்திக்கொள்ளலாம். மாற்ற முடியாதது நிலம், அதற்குப் பிறகு அம்மம்மா காலத்து அலுமாரி, கதிரைகள். அடுத்தது துணி. மருதமுனைக் கைத்தறித் துணியில் மனதுக்குப் பிடித்த ஒரு கட்டம் கிடைத்தால், அதிலிருக்கும் ஆக மெல்லிய நிறத்தைச் சுவருக்கு எடுங்கள். அந்த அறையில் தவறு நடக்க வழியே இல்லை.

60-30-10 என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சொல்வார்கள்: அறையில் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது இன்னொன்று, பத்து பளிச்சென்று ஒன்று. தொடங்குகிறவருக்கு நல்ல கைத்தடி. ஆனால் மேலே சொன்ன மாமரத்துப் பச்சையையும் சிவப்பு நிலத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நேர் வெயில் விழும் கிழக்கு, மேற்கு அறைகளுக்கு மினுக்கம் இல்லாத மட் பெயின்ற். சாந்து மேடுபள்ளமாக இருந்தாலும் மறைக்கும். கை படும் இடங்களுக்கும் குசினிக்கும் கழுவக்கூடிய, கொஞ்சம் மினுக்கமானது. கண்ணாடியை யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் இன்னொரு யன்னல் கிடைத்த மாதிரி. ஆனால் மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், பின்னேர வெயில் இரண்டாகும்.

தங்கச்சி நான் சொன்னபடியே செய்தாள். அவர்களது ஹோல் மேற்குப் பார்த்தது, முன்னால் சின்ன விறாந்தை. ஒரே மட்டையின் நாலு படங்கள் அனுப்பியிருந்தாள். காலையில் மழைமேகம் மாதிரி, நண்பகலில் ஓரளவு அந்த வெளிநாட்டுப் படம் மாதிரி, நாலு மணிக்கு மண் கலந்த சாம்பல், இரவில் சீமெந்துச் சுவர். "அக்கா, நாலும் நாலு கலர்" என்று எழுதியிருந்தாள். ஹோலுக்கு இப்போது தேங்காய்ப்பால் வெள்ளையில் ஒரு மட்டை அடித்துப் பார்க்கிறாள். நீலச்சாம்பலைக் கைவிட மனமில்லை. அந்த மட்டை அவளுடைய படுக்கையறையில், வடக்கு யன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அங்கே அது காலையும் மாலையும் ஏறத்தாழ ஒரே நிறமாக நிற்கிறதாம். மாரி முடிந்து மாசியில் சுவரின் ஈரம் காய்ந்ததும் பெயின்ற் அடிக்கும் பாஸை வரச் சொல்லியிருக்கிறாள்.